ரஸ்க்கு அடுப்பில் தண்டவாள வேலை

ரஸ்க்குத் தட்டுகள் அடுப்பிலிருந்து வெளியே வந்து மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இசக்கிதுரை வந்துவிடுகிறான். ஒரு கையில் சாக்குப்பை, மறு கையில் ஒரு மீட்டர் நீள இரும்பு நேர்கோல். "இக்கா, அடுப்பு காலியா?" என்று சைபுதீனை அண்ணன் முறை வைத்துக் கேட்பான். கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவான். என்ன பதில் சொன்னாலும் உள்ளே வரப்போகிறவன் எதற்காகக் கேட்கிறான் என்பது இந்த இரண்டு மாதத்தில் சைபுதீனுக்கு விளங்கவே இல்லை.

மட்டாஞ்சேரியில் சைபுதீன் வைத்திருப்பது ஒரு போர்மா. விறகு அடுப்பில் ரொட்டியும் பன்னும் ரஸ்க்கும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிற இடத்துக்கு அங்கே அதுதான் பேர். முப்பத்தொரு வருஷமாக அடுப்பு வாயில் நின்று நின்று அவருடைய முன்கைகளில் ஒரு முடி கிடையாது. விடியற்காலையில் பன், பிறகு ரொட்டி, கடைசியாக ரஸ்க்கு. பதினோரு மணிக்கு விறகுக் கங்கை வெளியே இழுத்துவிட்டால், அடுப்பு சாயங்காலம் வரைக்கும் சூட்டை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற சூட்டின் மேல்தான் இசக்கிதுரைக்குக் கண்.

சாக்கில் கொண்டுவருவது தின்கிற சாமானாக இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். கொண்டுவருவது மண். தண்டவாளம் ஒட்டுகிற மண் அச்சு.

இசக்கிதுரைக்கு அதுதான் தொழில். தண்டவாளத்தின் நுனியோடு நுனியைச் சேர்க்கிற வெல்டர், ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. முன்னெல்லாம் இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்க இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து நாலு போல்ட்டு முடுக்குவார்கள். நடுவில் சந்து இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அதில் விழுந்து எழுந்து போகும். தண்டவாளத்தின் நுனிதான் முதலில் தேயும், நொறுங்கும். இப்போது அந்தச் சந்தில் இரும்பையே காய்ச்சி ஊற்றிவிடுகிறார்கள். இரண்டு நுனிகளையும் இரண்டு விரல் அகலம் விட்டு நேர் பார்த்து, சந்தைச் சுற்றி மண் அச்சை இரண்டு பாதியாகப் பொருத்தி, மேலே ஒரு குடுவையில் இரும்புத் துருவும் அலுமினியமும் கலந்த பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால், அரை நிமிஷத்தில் பொடி வெள்ளைவெளேரென்று உருகி அச்சுக்குள் இறங்கும். ஆறின பிறகு அச்சை உடைத்துத் தேய்த்துவிட்டால் இரண்டு தண்டவாளம் ஒரே தண்டவாளம். "கல்யாணம் பண்ணி வைக்கியது கூட லேசு இக்கா. அதுல பிரிஞ்சா ரெண்டு பேரு. இதுல பிரிஞ்சா ஆயிரம் பேரு" என்பான்.

ஆள் திருநெல்வேலிப் பக்கம். நாற்பத்தாறு வயது. கொச்சிக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. முதல் எட்டு வருஷம் தண்டவாளத்தில் சல்லி அள்ளினான். பிறகுதான் வெல்டிங். இடது புருவம் பாதிதான் இருக்கிறது; மீதியை எப்போதோ பொடி தின்றுவிட்டது. சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பான். எங்கே இரண்டு சாமான் ஒட்டியிருந்தாலும் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஓட்டிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கம். மேசைப் பலகையின் இணைப்பு, கண்ணாடி அலமாரியின் விளிம்பு, எதையும் விடமாட்டான். சைபுதீனின் மனைவி சுல்ஃபத் ஆசையாகச் சமையலறைக்குப் புதுத் தரை போட்டாள். மறுநாளே குனிந்து நகத்தை ஓட்டி, "மைனி, இந்த ஓரம் அரைக்கால் நூலு ஏறிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து சுல்ஃபத்துக்கு அந்தத் தரையைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல்.

எதற்கும் காத்திருக்கிற குணம் அவனிடம் கிடையாது. சாயா கொதிக்கக் கொதிக்க வேண்டும். "ஆறின சாயாவக் குடிக்கதுக்குக் கழுநீரக் குடிக்கலாம்" என்று ஒரே இழுப்பில் உள்ளே தள்ளிவிட்டு, நாக்கு வெந்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பேச்சைத் தொடங்குவான். பஸ்ஸில் நேர்கோலோடு ஏறி கண்டக்டரிடம் தினம் ஒரு சண்டை. அந்தக் கோலை ஒருவர் மிதித்துவிட்டார் என்று தோப்பும்படியில் வண்டியை நிறுத்தி, நடுரோட்டில் வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தானாம், வளைந்திருக்கிறதா என்று. பின்னால் எத்தனை வண்டி ஆரன் அடித்தால் அவனுக்கென்ன?

எடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை தொடங்கிய வாரத்தில் போர்மாவில் ஒதுங்க வந்தவன்தான். பக்கத்துச் சந்தில் குடியிருப்பவன் என்கிற அளவில் சைபுதீனுக்கு முகம் தெரியும். உட்காரச் சொன்னால் உட்காராமல், ரஸ்க்கு காய்கிற அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஏன் இக்கா ரெண்டு வாட்டி வேகுது?"

"ரொட்டியிலே ஈரம் இருக்கும். அது போனாத்தானே ரஸ்க்கு. இல்லேன்னா பூசணம் பூத்துப் போகும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பதிலைச் சொன்ன வாயை அவர் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

அந்த வாரம் இசக்கிதுரை போட்ட ஒட்டு ஒன்று கெட்டுப்போயிருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று ஒரு குறையும் தெரியாது. ஒட்டைச் சோதிக்க மெஷின்காரர் ஒருவர் வருவார். தண்டவாளத்தில் எண்ணெய் தடவி ஒரு சின்னக் கட்டையை அதன் மேல் நகர்த்துவார். இரும்புக்குள்ளே குமிழி இருந்தால் அவருடைய பெட்டியில் கோடு துள்ளும். துள்ளியது. எல்லாரும் பொடியைக் குற்றம் சொன்னார்கள். இசக்கிதுரை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"குத்தம் மண்ணுல இக்கா. கான்ட்ராக்டர் கொட்டகை ஒழுகுது. அச்சு தண்ணியக் குடிச்சுக் கெடக்கு. அதுமேல இரும்ப ஊத்துனா அந்தத் தண்ணி ஆவியாகி எங்க போவும்? இரும்புக்குள்ளதான போவும்? அச்சப் பொருத்துன பொறவு சூடு காட்டத்தான் செய்யுதோம். ஆனா அது மேலாக்கத்தான் காயும்."

"அதுக்கு நான் எந்தா செய்யணும்?"

"உங்க அடுப்பக் குடுக்கணும்."

குடை கேட்கிற மாதிரி கேட்டான். சைபுதீன் முடியாது என்றார். மறுநாளும் வந்தான். முடியாது என்றார். மூன்றாம் நாள் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்து மாவு மேசையின் மேல் வைத்தான். அவனுடைய வெல்டர் அட்டை. போட்டோவும் நம்பரும் இருந்தன. அது இல்லாதவனை ஒட்டு வேலைக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் மூன்று ஒட்டு கெட்டால் அட்டையைப் பிடுங்கிவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறாராம். "இது போச்சுன்னா திரும்பச் சல்லி அள்ளணும் இக்கா. இந்த முதுகு இனிமே குனியாது" என்றான். படச்சவனே என்று தலையில் அடித்துக்கொண்டு சைபுதீன் சரி என்றார்.

சரி என்றதுதான் தாமதம், அச்சைக் கொண்டுபோய் அடுப்பின் கடைக்கோடியில், சூடு அதிகமாக நிற்கிற மூலையில் திணித்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சு வெடித்து உதிர்ந்தது. மறுநாள் தோப்பும்படிச் சாயாக்கடைக்காரர் ஒரு டின் ரஸ்க்கைத் திருப்பி அனுப்பினார், கடித்தால் நறநறவென்கிறது என்று. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சரக்கு திரும்பி வந்திருக்கிறது. சைபுதீனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மண்ணு வேற, மாவு வேறன்னு உங்க கூட்டுக்காரனுக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் சுல்ஃபத்.

"அவன் என் கூட்டுக்காரன் ஒண்ணும் இல்லே!"

இசக்கிதுரை ஈரச் சாக்கைக் கம்பில் சுற்றிக்கொண்டு வந்து, அடுப்பு முழுவதையும் நாலு தடவை துடைத்தான். துடைத்துவிட்டு, அடுப்பின் உள்தளத்தில் செங்கல் சேருகிற இடத்தில் ஒரு சந்து இருக்கிறது, நாளைக்குப் பூசித் தருகிறேன் என்றான். திட்டுவதற்குக் கூட நேரம் கொடுக்காத மனுஷனை என்ன செய்வது? சைபுதீனே இறங்கிச் செய்து காட்டினார். கங்கை இழுத்து ஒரு மணி நேரம் கழித்து, அச்சைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, அடுப்பு வாயை நாலு விரல் திறந்து வைத்து. "வாயை அடச்சா உள்ளே வேர்க்கும். ஈரத்துக்குப் போக வழி வேண்டாமா?" அதற்குப் பிறகு அச்சு உதிரவில்லை. தட்டினால் ஓடு மாதிரி கணீரென்றது. தனித் தட்டு, தனி மூலை, வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும் என்று சுல்ஃபத் சட்டம் போட்டாள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போர்மாவில் காய்ந்த அச்சை வைத்துப் போட்ட ஒட்டிலும் குமிழி வந்தது. இரண்டாவது ஒட்டும் போயிற்று.

அன்றைக்கு வந்தவன் செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்: "உங்க அடுப்புல ஏதோ கோளாறு இருக்கு இக்கா."

சைபுதீனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. எத்தனை பெருநாள், எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை கல்யாணம் பார்த்த அடுப்பு! மண்ணைக் கொண்டுவந்து உள்ளே போட்டவன் அடுப்பைக் குற்றம் சொல்கிறான்! "எடா, என் அடுப்பிலே கோளாறா? போடா! இனி இந்தப் பக்கம் வந்தா உன்னையே பிடிச்சு உள்ளே வச்சுருவேன்" என்று கத்தினார். அவன் போகவில்லை. மறுநாள் வேலைக்காக அடுப்பில் காயவைத்திருந்த இரண்டு ஜோடி அச்சுகளையும் எடுக்க உள்ளே வந்தான். அப்போதுதான் சைபுதீன் அதைக் கவனித்தார். இத்தனை நாள் அவர் அந்த நேரத்தில் தொழுகைக்குப் போயிருப்பார். கை பொறுக்காத சூட்டில் அச்சை எடுத்தான். எடுத்த கையோடு பாலித்தீன் பைக்குள் போட்டான். வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டான்.

"என்னடா செய்யிறே?"

"மழையில்லா பெய்யுது? காத்துல ஆற வச்சா திரும்ப ஈரத்த இழுத்துரும். சூட்டோட கட்டிட்டா ஒண்ணும் உள்ள போவாது."

"உள்ளே இருக்கிறது எப்படிடா வெளியே வரும்? சூட்டோட ரொட்டியைக் கவர்ல போட்டா என்ன ஆகும்னு இந்தத் தெருவிலே யாரைக் கேட்டாலும் சொல்லும். உள்ளே தண்ணி கட்டும். ரெண்டாம் நாள் பூசணம்!"

"இது ரொட்டி இல்ல இக்கா."

"பின்னே ரொட்டி அடுப்பிலே எதுக்குடா கொண்டு வச்சே?"

அடுப்புக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது. எந்த மழையிலும் அங்கே காற்று காய்ந்துதான் இருக்கும். மழைக்காலத்தில் ரஸ்க்கை அங்கேதான் ஆறவிட்டு, நன்றாக ஆறிய பிறகு டின்னில் அடைப்பார்கள். ஒரு ஜோடியை அங்கே விட்டுப் போ, நாளைக்குப் பார் என்றார் சைபுதீன். இசக்கிதுரைக்கு ஏற்கவில்லை. பதினாறு வருஷமாக வெல்டிங் பார்க்கிறவனுக்கு ஒரு ரொட்டிக்காரர் புத்தி சொல்வதா? "ஒரு ஜோடிய நீங்களே வச்சுக்கோங்க. சாயாவுல முக்கித் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு, கட்டின பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பன்னிரண்டே காலுக்கு எர்ணாகுளத்துக்கு வடக்கே ஒரு லெவல் கிராசிங் பக்கத்தில் அவனுக்கு வேலை. அதை அவன் அந்த வாரம் முழுக்க ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பான்.

மறுநாள் பதினொன்றரைக்கு சைபுதீன் பரணிலிருந்து அந்த ஜோடியை இறக்கினார். ஒரு காலி ரஸ்க்கு டின்னில் வைத்து மூடினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க? கடையிலே யாரு நிக்கிறது?" என்றாள் சுல்ஃபத்.

"அடச்சிடு."

"அவனுக்காகவா?"

"அவனுக்காகவா? அந்தத் தலைதெறிச்சவனுக்காக நான் போவேனா? மூணாவது ஒட்டும் போச்சுன்னா ஊரெல்லாம் என் அடுப்பைத்தான் சொல்லுவான்!"

தோப்பும்படி தாண்டி, பாலம் ஏறி, தீவைக் கடந்து, எர்ணாகுளத்து நெரிசலுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் மழை நாலு தடவை விட்டுவிட்டுப் பெய்தது. இரண்டு கால்களுக்கு நடுவே டின். அதன் மேல் மழைக்கோட்டு. அவர் மேல் ஒன்றும் இல்லை. வழி முழுவதும் அவனைத் திட்டினார். இடையிடையே தன்னையும் திட்டினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ரயிலை நிறுத்தி வைத்துக் கொடுத்திருந்த முக்கால் மணி நேரத்தில் பதினெட்டு நிமிஷம் போயிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே இசக்கிதுரை குத்தவைத்திருந்தான். தண்டவாளத்தின் இரண்டு நுனிகளும் நேர் பார்த்து நிறுத்தியாகிவிட்டது. அச்சும் பொருத்தியாகிவிட்டது. பக்கத்தில் கழற்றிப் போட்ட பாலித்தீன் பை கிடந்தது. அதன் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். இசக்கிதுரை சட்டை நுனியால் அச்சின் உள்வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த துணியைப் பார்த்தான். மறுபடி துடைத்தான்.

"மதி, துடைச்சது போதும். சூடு காட்டு. நேரம் போகுது" என்றார் சூப்பர்வைசர் விஸ்வநாத். அப்புறம்தான் டின்னோடு நனைந்து நிற்கிறவரைப் பார்த்தார். "யாருய்யா இது? பாதையிலே நிக்காதீங்க!"

இசக்கிதுரை நிமிர்ந்தான். சைபுதீன் டின்னைத் திறந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் பாலத்தின் மேலேயே சொல்லித் தீர்த்துவிட்டார். இசக்கிதுரை டின்னுக்குள் இருந்த அச்சைப் பார்த்தான், பைக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தான். அவனுடைய தாடை இரண்டு தடவை அசைந்தது. பிறகு சுத்தியலை எடுத்துத் தண்டவாளத்தில் பொருத்தியிருந்த அச்சை ஓங்கி ஒரே போடாகப் போட்டான். அது இரண்டாகப் பிளந்து சல்லியில் விழுந்தது.

"எடோ! வேற ஜோடி கொண்டு வரலியே!" விஸ்வநாத் தலையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எந்தா பைத்தியமா? இன்னைக்கும் கெட்டா மூணாச்சு. எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது, கேட்டோ!"

"தெரியும்" என்றான் இசக்கிதுரை. டின்னுக்குள் கையை விட்டான்.

புதிதாகப் பொருத்த ஆறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் விஸ்வநாத் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அச்சைச் சுற்றி ஈரமில்லாத மண்ணை அடைத்து, நுனிகள் சிவக்கிற வரை சூடு காட்டி, குடுவையைத் தூக்கி வைத்து, பொடியைப் பற்றவைத்தான். சத்தமாக எண்ணினான். இருபத்திரண்டு என்னும்போது இரும்பு இறங்கியது. சைபுதீன் முப்பத்தொரு வருஷம் நெருப்பைப் பார்த்தவர். இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்து நிமிஷம் பொறுத்து அச்சை உடைத்து, வழிந்ததை வெட்டி எறிந்து, தேய்த்து, பாதையை விட்டு எல்லாரும் விலகியபோது இன்னும் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. மெதுவாகப் போகச் சொல்லி முதல் வண்டியை விட்டார்கள்.

இரண்டு ஒட்டு கெட்டவன் என்பதால் அன்றைக்கே சோதனை. மெஷின்காரர் வர மூன்றரை ஆகும் என்றார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று இசக்கிதுரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. வந்ததற்கு நன்றியாவது? அதுவும் இல்லை. தார்ப்பாய் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்று சைபுதீன் தன்னையே நாலு தடவை கேட்டுக்கொண்டார். சுல்ஃபத் மூன்று தடவை கூப்பிட்டாள். இதோ புறப்பட்டுவிட்டேன் என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

மெஷின்காரர் வந்தார். அவருக்கு ஓர் அவசரமும் இல்லை. குடையை ஒருவரிடம் கொடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஒட்டின் மேல் எண்ணெய் தடவினார், கட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். தலை, இடுப்பு, கால் என்று தண்டவாளத்தின் மூன்று இடத்திலும் பார்த்தார். பெட்டியின் திரையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை நகர்த்தினார்.

"கொழப்பமில்லா. உள்ளே குமிழி ஒண்ணும் இல்லே" என்றார்.

இப்போது கேட்டுவிட வேண்டியதுதான் என்று சைபுதீன் ஓரடி முன்னால் வந்தார். யாருடைய அடுப்பில் கோளாறு, யாருடைய புத்தியில் கோளாறு? காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்த கேள்வி.

விஸ்வநாத் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் இசக்கிதுரையிடம் நீட்டினார். ஒட்டுக்குப் பக்கத்தில் தேதியையும் வெல்டரின் நம்பரையும் எழுத வேண்டும். இசக்கிதுரை குத்தவைத்தான். பிரஷ்ஷை முக்கி எடுத்தான். தண்டவாளத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது அது நின்று கிடுகிடுவென்று ஆடியது. பெயின்ட் சொட்டுச் சொட்டாகச் சல்லியில் விழுந்தது. சைபுதீன் கேள்வியை விட்டுவிட்டு, காலி டின்னை எடுத்து மூடினார். இசக்கிதுரை யாரையும் பார்க்காமல், வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாக எழுதினான்.